விடுதி பற்றி ஒம்புட்ஸ்மனிடம் முறைப்பாடு கொடுத்தால் தஞ்ச வழக்கைப் பாதிக்குமா? (அயர்லாந்து)

வழித்துணை:

எல்லோருக்கும் வணக்கம். நான் அயர்லாந்துக்கு வந்து பதினொரு வருடமாகிறது, எனக்கு விசாப் பிரச்சினை எதுவும் இல்லை. சனிக்கிழமைகளில் தஞ்சம் கோருவோர் தங்கியிருக்கும் ஒரு விடுதிக்குப் போய், அவர்களுக்கு வந்த கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவது, படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று என்னால் முடிந்ததைச் செய்து வருகிறேன். அங்கே இருக்கும் ஒரு குடும்பத்துக்காகத்தான் இந்தக் கேள்வி.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், நான்கு பேருக்கும் ஒரே அறை. மூத்த பெண்பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, உடுப்பு மாற்றுவதென்றால் மற்ற மூன்று பேரும் வெளியே போய் நிற்க வேண்டும். ஜன்னல் பக்கச் சுவர் முழுக்க ஈரம், கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, சின்னவனுக்கு இழுப்பு வேறு. மேனேஜரிடம் மூன்று தடவை வாயால் சொல்லிவிட்டார்கள். "பார்க்கிறோம்" என்றார், ஒரு ஆளை அனுப்பி அதற்கு மேலேயே வெள்ளைப் பெயின்ட் அடிக்க வைத்தார், இரண்டு கிழமையில் திரும்பவும் வந்துவிட்டது.

எழுத்தில் கொடுப்போம், சரிவராவிட்டால் ஒம்புட்ஸ்மனிடம், அதாவது அரசாங்கச் சேவைகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியிடம், போவோம் என்று நான் சொன்னேன். மனைவிக்குச் சம்மதம். கணவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். அவர்களுக்குத் தஞ்ச வழக்கின் இன்டர்வியூ இன்னும் வரவில்லை. "குறை சொன்னவன் என்று ஃபைலில் எழுதிவிட்டால் என்ன செய்வது, இல்லாவிட்டால் எங்களைத் தூக்கி வேறு கவுண்டியில் போட்டுவிட்டால் பிள்ளையின் பள்ளிக்கூடம் என்னாவது" என்று கேட்கிறார். அந்த மனிதன் எங்கிருந்து வந்தார், அங்கே ஒரு அரசாங்க அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும், அதனால் "பயப்படாதீர்கள்" என்று வெறும் வாயால் சொல்ல மனம் வரவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். முறைப்பாடு கொடுத்த விஷயம் வழக்கைத் தீர்மானிப்பவர்களிடம் போகுமா? விடுதியை நடத்துவது ஒரு தனியார் கம்பனி, அரசாங்க அலுவலகங்களைப் பார்க்கும் ஒம்புட்ஸ்மனுக்கு அதில் கை வைக்க அதிகாரம் இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேன்மொழி:

அதிகாரம் இருக்கிறது. 2017 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. அதற்கு முன்னால் இல்லை, அந்தப் பதினேழு வருடக் கதையைச் சொன்னால்தான் அந்த அண்ணாவின் பயத்துக்குப் பதில் சொல்ல முடியும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டைரக்ட் ப்ரொவிஷன் என்ற இந்த முறை 2000-ஆம் ஆண்டு வந்தது. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, கைச்செலவுக்கு வயதுவந்த ஒருவருக்குக் கிழமைக்கு 19.10 யூரோ. அந்த 19.10 பல வருடம் அசையவேயில்லை. விடுதிகளை ரியா என்று சொல்கிற அரசாங்கப் பிரிவு தனியாருடன் ஒப்பந்தம் போட்டு நடத்தியது. குறை இருந்தால் முதலில் மேனேஜரிடம் சொல்ல வேண்டும், அவர் தீர்க்காவிட்டால் ரியாவிடம். அதோடு சரி. ஒப்பந்தம் போட்டவரே, காசு கொடுப்பவரே, இடம் மாற்றும் அதிகாரம் உள்ளவரே கடைசி நீதிபதியும். அதே நாட்டில் வேறு யாரும் மாநகர சபையைப் பற்றியோ சமூகநலக் கொடுப்பனவு பற்றியோ ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், விடுதியில் இருக்கிற ஆள் மட்டும் தன்னுடைய கட்டிலைப் பற்றிப் போக முடியாது.

காரணம் 1980-ஆம் ஆண்டின் ஒம்புட்ஸ்மன் சட்டம். வெளிநாட்டவர், குடியுரிமை தொடர்பான சட்டங்களின் நிர்வாகத்தை அது விலக்கி வைத்திருந்தது. தஞ்சம் கொடுப்பதா இல்லையா என்ற தீர்ப்பில் ஒம்புட்ஸ்மன் தலையிடக் கூடாது என்பதை ஒரு அளவுக்கு ஏற்றுக்கொள்ளலாம், அதற்குத்தான் மேன்முறையீடு இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை இழுத்து, பூஞ்சணம் பிடித்த சுவரையும் பழுதான ஹீட்டரையும் கூட "குடிவரவு விஷயம்" என்று சேர்த்துவிட்டார்கள். சிறுவர் ஒம்புட்ஸ்மனின் 2002 சட்டத்திலும் இதே மாதிரி ஒரு வரி, அதனால் பிள்ளைகளுக்கும் அதே கதி.

2014 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் ஒரு தாயும் மகனும் போட்ட வழக்கில் தீர்ப்பு வந்தது. முறை முழுவதையும் நீதிமன்றம் தள்ளிவிடவில்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் அறைக்குள் வந்து சோதிப்பது போன்ற சில விதிகள் சட்டத்துக்குப் புறம்பு என்று சொன்னது, முறைப்பாட்டு நடைமுறை போதிய அளவு சுயாதீனமாக இல்லை என்றும் சொன்னது. அடுத்த வருடம், 2015 ஜூனில், ஓய்வுபெற்ற நீதிபதி பிரயன் மக்மஹோன் தலைமையிலான குழு, இரண்டு ஒம்புட்ஸ்மன்களுக்கும் அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போது ஒம்புட்ஸ்மனாக இருந்த பீட்டர் டின்டலும் இதை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் 2017-இல் கதவு திறந்தது.

ஆகவே வழித்துணை, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: தனியார் கம்பனி என்பது தடையில்லை. அவர்கள் அரசாங்கத்தின் சார்பில் சேவை கொடுக்கிறார்கள், அதனால் அவர்களும் உள்ளே வருகிறார்கள். முதல் கேள்விக்கு: ஒம்புட்ஸ்மன் விசாரணை பகிரங்கமாக நடப்பதில்லை, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. தஞ்ச வழக்கை முடிவு செய்வது சர்வதேசப் பாதுகாப்பு அலுவலகம், அதற்கு மேல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம். ஒம்புட்ஸ்மன் அலுவலகம் இந்த இரண்டுக்கும் கீழே இல்லை, நீதித் திணைக்களத்துக்கும் கீழே இல்லை. அந்த அண்ணாவுக்கு இதை ஒரு கடதாசியில் கட்டம் கீறிக் காட்டுங்கள். நான் அப்படித்தான் காட்டுவேன், வாயால் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

கிழக்குவெளி:

தேன்மொழி சொன்னதில் பிழை இல்லை, ஆனால் ஒரு முக்கியமான இடத்தை விட்டுவிட்டார். 2020-இல் விடுதிகளைப் பார்க்கும் பொறுப்பை நீதித் திணைக்களத்திடமிருந்து எடுத்து, சிறுவர், சமத்துவ விஷயங்களைக் கவனிக்கிற திணைக்களத்திடம் கொடுத்தார்கள். ரியா போய் ஐபாஸ் என்ற பிரிவு வந்தது. அப்போது "உன் அறையைப் பார்க்கிறவன் வேறு, உன் வழக்கைப் பார்க்கிறவன் வேறு" என்று சனத்துக்கு நிம்மதியாகச் சொல்ல முடிந்தது. 2025 மே மாதத்தில் அது திரும்பவும் நீதித் திணைக்களத்துக்கே போய்விட்டது. இப்போது தங்க வைப்பதும் வழக்கும் ஒரே அமைச்சரின் கூரைக்குள். அந்த அண்ணா பயப்படுகிறார் என்றால் அவர் ஒன்றும் இல்லாததைக் கற்பனை செய்யவில்லை.

அடுத்தது, ஒம்புட்ஸ்மன் கட்டளையிட முடியாது. பரிந்துரைதான். ஒரு திணைக்களம் "மாட்டோம்" என்றால் பாராளுமன்றத்துக்கு விசேட அறிக்கை வைப்பார், அவ்வளவுதான். கடலில் மூழ்கிய மீன்பிடிப் படகுகளுக்கான உதவித் திட்டம் ஒன்றில், அப்போது ஒம்புட்ஸ்மனாக இருந்த எமிலி ஓ'ரைலி 2009-இல் அப்படி அறிக்கை வைத்தார், அப்போதும் அந்தத் திணைக்களம் அதை ஏற்கவில்லை. நான் இந்த அலுவலகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, அங்கே நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் விடுதியில் இருக்கிறவர்களிடம் "ஒம்புட்ஸ்மன் எல்லாம் சரிக்கட்டிவிடுவார்" என்று சொல்லிக் கொடுத்துப் பிறகு ஏமாற்றம் வந்தால், அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஹிக்வா என்ற பரிசோதனை ஆணையம் 2024 ஜனவரியில் இருந்து விடுதிகளுக்குள் போகிறது, அறிக்கைகளைப் பகிரங்கமாகப் போடுகிறது. நல்ல விஷயம். ஆனால் நிரந்தர மையங்களுக்கு மட்டும்தான். இன்றைக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஏற்பாட்டில் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலானோர் அவசரகால இடங்களில், அதாவது பழைய ஹோட்டல், அலுவலகக் கட்டடம் போன்றவற்றில். அங்கே ஹிக்வா போக முடியாது. யாருக்குப் பரிசோதனை அதிகம் வேண்டுமோ அவர்களுக்குத்தான் அது இல்லை. எனக்கு இதில்தான் மிகவும் கோபம்.

வழித்துணை, அந்தக் குடும்பம் இருப்பது நிரந்தர மையமா, அவசரகால இடமா? அதை முதலில் பாருங்கள்.

பழைய14ஆம்அறை:

நான் மூன்று வருடம் இப்படி ஒரு இடத்தில் இருந்தவன். பெயர், ஊர் எதுவும் எழுத மாட்டேன்.

என் அம்மாவும் தங்கையும் நானும். தங்கைக்கு லீவிங் சேர்ட் என்ற பள்ளிக்கூட இறுதிப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது, நாட்டின் மற்ற மூலையில் உள்ள ஒரு இடத்துக்கு மாறச் சொல்லிக் கடிதம் வந்தது. ஐந்து நாள் அவகாசம். அம்மா பையை எடுத்து அடுக்கத் தொடங்கிவிட்டார், அவருக்குக் கேள்வி கேட்கும் பழக்கமே இல்லை. தங்கை அழவில்லை, புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தாள், எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு இரவே எழுதினேன். முதலில் மேனேஜருக்கு, பிறகு மேலே. பள்ளிக்கூட அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தேன். மேலேயிருந்து "மாற்ற முடியாது" என்று இரண்டு வரியில் பதில். அந்தப் பதிலையும் சேர்த்து ஒம்புட்ஸ்மனுக்கு அனுப்பினேன். ஒரு பெண் போன் எடுத்துக் கதைத்தார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட "நீ ஏன் இந்த நாட்டுக்கு வந்தாய்" என்று இருக்கவில்லை. தங்கையின் பரீட்சைத் திகதி, பள்ளிக்கூடத்துக்கும் புது இடத்துக்கும் உள்ள தூரம், கடிதம் எந்தத் திகதியில் கைக்கு வந்தது, இவைதான். ஒன்பது நாளில் மாற்றம் ஜூன் வரை தள்ளிப் போனது. யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. ஒரு வெளியாள் கேள்வி கேட்டார் என்பதற்காகவே அந்த ஃபைலை யாரோ திரும்பத் திறந்து பார்த்தார்கள். கிழக்குவெளி அண்ணா, பரிந்துரைதான் என்று நீங்கள் சொல்வது உண்மை, ஆனால் பல விஷயங்கள் பரிந்துரை வரைக்கும் போகாமல் முதல் போனிலேயே தீர்ந்துவிடும், அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த அண்ணாவின் பயத்துக்கு வருகிறேன். எங்கள் வழக்கு முதல் தடவை நிராகரிக்கப்பட்டது. கடிதம் வந்த அன்றைக்கு எனக்கும் அதே எண்ணம்தான் வந்தது, நான் எழுதிய அந்த முறைப்பாட்டால்தான் என்று. நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பிறகு லோயர் சொல்லி, என்னைப் பற்றி என்னென்ன பதிவு வைத்திருக்கிறார்கள் என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இரண்டு இடத்திலும் எழுதிக் கேட்டேன். அது எல்லோருக்கும் உள்ள உரிமை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், காசு கிடையாது. விடுதிப் பக்க ஃபைலில் முறைப்பாடு பற்றி இரண்டு குறிப்பு இருந்தது. தஞ்ச வழக்கின் ஃபைலில் ஒரு சொல்கூட இல்லை. நிராகரித்ததற்கான காரணங்கள் முழுக்க இன்டர்வியூவில் நாங்கள் சொன்ன திகதிகளைப் பற்றியது. மேன்முறையீட்டில் வென்றோம்.

எனக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவரிடம் இதைக் காட்டுங்கள், வாசிக்கட்டும்.

மழைநாள்:

நான் இங்கிலாந்துல இருக்கேன், அங்க எப்படின்னு எனக்குத் தெரியாது, ஆனா ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும்னு எழுதுறேன். இங்கே தங்குமிடத்தை செர்கோ, மியர்ஸ், கிளியர்ஸ்பிரிங்ஸ் என்று மூன்று கம்பெனிகள் 2019 முதல் பத்து வருட ஒப்பந்தத்தில் நடத்துகின்றன. புகார் என்றால் முதலில் மைக்ரண்ட் ஹெல்ப் என்ற தொண்டு நிறுவனத்தின் போன் லைன். காத்திருந்து காத்திருந்து லைன் கிடைத்தால் ஒரு எண் கொடுப்பார்கள். அப்புறம் ஹோம் ஆபீஸ், அதாவது உள்துறை அமைச்சு. அதற்கும் மேலே பாராளுமன்ற ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், ஆனால் அவரிடம் நேராகப் போக முடியாது, 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு எம்பி கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஓட்டே இல்லாத ஒருவர், ஆங்கிலமும் சரியாக வராத நிலையில், எம்பி அலுவலகத்தைத் தேடிப்போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். நான் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எம்பியின் உதவியாளர் நன்றாகத்தான் பேசினார், ஆனால் வந்தவருக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

தடுப்பு முகாமில் இருப்பவர்களின் புகாரை 2006-லிருந்து சிறைகளுக்கான ஒம்புட்ஸ்மன் பார்க்கிறார், அதற்கு எம்பி தேவையில்லை. பூட்டி வைக்கப்பட்டவருக்கு நேர் வழி இருக்கிறது, ஹோட்டலில் இருப்பவருக்கு இல்லை. உங்கள் ஊரில் நேராக, இலவசமாக எழுதலாம் என்றால் தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

தேன்மொழி:

மழைநாள், நம்மில் இலங்கைக்காரருக்கு இது புதிதில்லை. அங்கேயும் 1981-இல் ஒம்புட்ஸ்மன் சட்டம் வந்தபோது பாராளுமன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது, 1994-இல் தான் நேராக எழுதலாம் என்று மாற்றினார்கள். நடுவில் ஒரு வாசல் வைத்தால் பயந்தவர் அந்த வாசலோடு திரும்பிவிடுவார்.

கிழக்குவெளி சொன்ன திணைக்கள மாற்றத்தை நான் எழுதியிருக்க வேண்டும், விட்டது என் பிழை. ஆனால் எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. கூரை ஒன்றாகிவிட்டது என்பதால்தான் அந்தக் கூரைக்கு வெளியே நிற்கும் ஒருவர் இன்னும் அவசியமாகிறார். இன்னொன்று, ஹிக்வா போகாத அவசரகால இடங்களைப் பற்றியும் ஒம்புட்ஸ்மனிடம் முறைப்பாடு கொடுக்கலாம். ஹிக்வா கட்டடத்தைப் பார்த்து அறிக்கை எழுதும், தனி ஆளின் முறைப்பாட்டை விசாரித்துத் தீர்க்காது. இரண்டும் வேறு வேலை, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சொல்ல முடியாது.

வழித்துணை, பிள்ளைகள் இருப்பதால் சிறுவர் ஒம்புட்ஸ்மனையும் மறக்காதீர்கள். சிறுவர் ஒம்புட்ஸ்மன் நைல் மல்டூனின் அலுவலகம் 2021-இல் விடுதிகளில் உள்ள பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி விசாரித்து, பொறுப்பானவர்கள் சரியாக மேற்பார்வை செய்யவில்லை என்று கடுமையாக எழுதியது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தகப்பனோடும் தம்பியோடும் ஒரே அறையில் என்பது அவர்கள் கேட்க வேண்டிய விஷயம்தான். பிள்ளை தானே கூட எழுதலாம்.

வழித்துணை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று போனேன். அது அவசரகால இடம்தான், கிழக்குவெளி, பழைய ஹோட்டல். ஆகவே ஹிக்வா இல்லை.

14ஆம் அறைத் தம்பி எழுதியதை அந்த அண்ணாவிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு வந்து, "அவன் தங்கை பரீட்சை எழுதினாளா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தம்பி, முடிந்தால் சொல்லுங்கள்.

எழுத்தில் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் முதலில் மேனேஜருக்கு மட்டும். ஒம்புட்ஸ்மன் பற்றி அதன் பதிலைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்கிறார். நான் வற்புறுத்தவில்லை. கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும், எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

பழைய14ஆம்அறை:

எழுதினாள் அண்ணா. இப்போது நர்ஸிங் மூன்றாம் வருடம். அவருக்குச் சொல்லுங்கள்.

கடிதத்துக்கு: ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கோபத்தை எழுத வேண்டாம், திகதிகளை எழுதுங்கள். மேனேஜரிடம் எந்த மூன்று நாள் சொன்னார்கள், பெயின்ட் எப்போது அடித்தார்கள், எப்போது திரும்ப வந்தது. திகதி விழுகிற மாதிரிச் சுவரைப் படம் எடுங்கள், பெயின்ட் அடித்த பிறகு எடுத்தது இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சின்னவனின் டாக்டரிடம் இழுப்பு பற்றி நான்கு வரி வாங்குங்கள், எங்களுக்கு அதிபரின் கடிதம்தான் பாதி வேலையைச் செய்தது. கடைசியில் என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். "உதவி செய்யுங்கள்" என்று எழுதினால் திரும்பவும் பெயின்ட் ஆளைத்தான் அனுப்புவார்கள். காய்ந்த அறை வேண்டும், பெண்பிள்ளைக்குத் தடுப்புள்ள இடம் வேண்டும், அதே பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடிய தூரத்தில் வேண்டும் என்று எழுதுங்கள். கடைசி வரி மிக முக்கியம், இல்லாவிட்டால் அறை தருகிறோம் என்று சொல்லி வேறு கவுண்டிக்கு அனுப்பக்கூடும். கையில் கொடுத்தாலும் ஒரு பிரதியை ஈமெயிலில் அனுப்புங்கள், அனுப்பியதற்குச் சாட்சி வேண்டும்.

தேன்மொழி:

நாள் கணக்கு பற்றி: கடிதத்திலேயே "பத்து வேலை நாளுக்குள் பதில் தாருங்கள்" என்று கேட்பது நான் வழக்கமாகச் செய்வது. வராவிட்டால் ஐபாஸுக்கு, அங்கேயும் சரிவராவிட்டால் அல்லது பதிலே வராவிட்டால் ஒம்புட்ஸ்மனுக்கு. விஷயம் நடந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போக வேண்டும், அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அண்ணா மறக்கக் கூடாது. முதல் கடிதத்தில் மனைவியும் கையெழுத்துப் போடட்டும். உங்களை அவர்கள் சார்பில் கதைக்க அனுமதிக்கிறோம் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு போன் வரும்போது அது கேட்கப்படும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் முதலிலேயே கேளுங்கள், பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கும் நிலை வரக் கூடாது.

வழித்துணை:

குறித்துக்கொண்டேன். சுவரின் படம் எடுக்கும்போது சின்னவன் "இதை எங்கே அனுப்பப் போகிறீர்கள்" என்று கேட்டான், சொன்னேன். கடிதம் இன்று இரவு எழுதி முடித்துவிடுவேன், நாளை மாலை அவர்கள் இருவரும் வாசித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.